தாலப்பருவம்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பருவங்களின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவது என் வழக்கம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலுக்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாலுக்கும் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை பெண்பாலுக்கும் உரியவை. தேர்வுக்கு இவ்வளவு போதும். நானும் இப்படித்தான் படித்தேன். சில ஆண்டுகள் இப்படித்தான் நடத்தியும் வந்தேன். 1996 ஆம் ஆண்டு தை மாதத்தில் என் மகள் பிறந்தாள். அதன்பின் அப்பெயர்களுள் ஒன்றை எழுதும்போது மட்டும் என் கை சற்றே நின்றுவிடும். அது மூன்றாவது பெயர்.

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வோர் உண்டு. அது சரியன்று. ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் உள்ளதைத்தான் அதன் கண் தெளிவாகக் காணும். மடியில் கிடத்திப் பாலூட்டும் தாயின் முகம் அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. செவியோ கண்ணைவிட முந்தியது. கருவறையில் இருக்கும்போதே, ஏழாம் மாதத்திற்குள், குழந்தை ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்று 1980 ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதையெல்லாம் நான் பின்னாளில் படித்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது தாலாட்டு மட்டும். அதை ஓயாமல் பாடினேன்.

எங்கள் வீட்டில் பிள்ளை வளர்ப்பின் தலைமை என் அத்தையிடம் இருந்தது. அவர் என் மாமியார். அதற்கு முன்பே என் தாய்மாமனின் மனைவி. காலை பத்து மணி வெயிலில் முற்றத்தில் மணையைப் போட்டு, கால்களை நீட்டி அமர்ந்து, அக்கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்ப்பார். மூக்கு, நெற்றி, தலை என்று ஒவ்வொன்றாக நீவிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். வசம்பைப் பேர் சொல்லாமல் "பிள்ளை வளர்ப்பான்" என்றே சொல்வார். அதையும் மாசிக்காயையும் உரைகல்லில் இழைத்து நாவில் தடவுவதில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. மருத்துவரும் வேண்டாம் என்றார். ஆனால் அந்தக் குளியலைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையின் உடம்பை நாள்தோறும் அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்க்கும் ஒருவர் வீட்டில் இருப்பது எத்தகைய காவல் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

இரண்டாம் மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் மாதத்தில் தலை நின்றது. தொட்டிலின் கயிற்றில் கட்டிய சிவப்புக் கிலுகிலுப்பையைக் கைநீட்டிப் பற்ற முயன்று, பற்றிய கையையே வியந்து பார்த்துக் கொண்டிருந்தாள். குழந்தை முதன்முதலில் கண்டுபிடிக்கும் விளையாட்டுப் பொருள் அதன் கைதான். ஐந்தாம் மாதம் தொடங்கியதும் குப்புற விழுந்தாள். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஓவியத்தில் எழுதியதுபோல் ஒருநாள் அப்படியே ஆடினாள். 'கீர்' என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, குழந்தை மழலை ஒலி எழுப்பத் தொடங்கும் பருவமே செங்கீரை என்று உரைப்பாரும் உளர். அந்த விளக்கத்திற்கும் என் மகள் பொருந்தினாள். 'உங்கு' சொன்னாள், 'ங்ஙா' என்றாள், வாய்விட்டுச் சிரித்தாள். பேறுகால விடுப்பு முடிந்து அப்போது நான் பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். மாலையில் வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே என் கண்கள் வாசலைத் தேடும். அத்தையின் இடுப்பில் இருந்தபடி என்னைக் கண்டதும் கைகால்களை உதறித் துள்ளுவாள்.

ஆறாம் மாதத்தின் பிற்பகுதியிலோ ஏழாம் மாதத்திலோ குழந்தையின் ஒலியில் ஒரு மாற்றம் நிகழும். நீண்ட உயிரொலிகள் துண்டுபட்டு, மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளாக மாறும். 'தத்தத்தா', 'பப்பப்பா', 'மம்மம்மா' என்று ஒரே அசையை அடுக்கிச் சொல்லும். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது எனப் பாடம் நடத்துகிறோம். தாய் நாவை ஆட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையும் தன் நாவை ஆட்டத் தொடங்கும் காலமும் அதுதான். எங்கள் எதிர்வீட்டில் என் மகளைவிட இருபது நாள் இளைய ஆண்குழந்தை ஒன்று இருந்தது. ஆவணி மாதத்து மாலையொன்றில் அவன் திண்ணையில் அமர்ந்து 'தாத்தாத்தா' என்று முழங்கிக் கொண்டிருந்தான். அவன் தாய் பெருமையோடு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். உள்ளே வந்து என் மகளை மடியில் வைத்துக்கொண்டு 'தாத்தா' என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள், விரலால் என் உதட்டைத் தொட்டாள், சிரித்தாள். ஒலி எதுவும் வரவில்லை. நான் பொறாமை கொண்டேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. ஆனால் பொறாமையோடு நின்றுவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தம்.

முதலில் கண்டுகொண்டவர் அத்தை.

"ஏத்தா, உன் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா" என்றார் ஓர் இரவு. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "விளையாட்டு மும்முரத்தில் இருப்பாள், அத்தை" என்றேன். "விளையாடுற பிள்ளைதான் கூப்பிட்டா முதல்ல திரும்பும்" என்றார் அவர். நான் மறுமொழி கூறாமல் அடுத்த தாளை எடுத்தேன்.

மறுநாள் என் கணவர் குழந்தையின் பின்னால் நின்று கைதட்டினார். அவள் உடனே திரும்பினாள். எங்களுக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு மட்டும் நிறைவில்லை. "நிழல் விழுது, காத்தும் அடிக்குது" என்றார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் அன்று அவர் செய்த சோதனையில் எந்த ஆய்வாளரும் குறை காண முடியாது. என்னைக் குழந்தையின் முன்னே அமர்த்தி, ஒரு பொம்மையைக் காட்டச் சொன்னார். தாம் திரைச்சீலைக்குப் பின்னே நின்று, கையை மட்டும் தொட்டிலின் பின்புறமாக நீட்டிக் கிலுகிலுப்பையை ஆட்டினார். என் காதுக்கு அது நன்றாகவே கேட்டது. குழந்தையின் கண் பொம்மையைவிட்டு அசையவில்லை. மீண்டும் ஆட்டினார். இமைகூட அசையவில்லை. பின்பு அடுக்களையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து வந்து தரையில் போட்டார். குழந்தை திடுக்கிட்டு அழுதாள். "பார்த்தீர்களா அத்தை, கேட்கிறது!" என்று நான் ஏறத்தாழக் கூவினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

செம்பு விழும் ஓசை கேட்பதும் பேச்சு கேட்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்புக் குறை என்றால் முற்றிலும் கேளாமை என்றே நினைத்திருந்தேன். இடைப்பட்ட நிலைகள் பல உண்டு. அவைதாம் பெற்றோரை அதிகம் ஏமாற்றுகின்றன. கதவு அறைபடும் ஓசை கேட்கும். குக்கரின் ஊதல் கேட்கும். தரையின் அதிர்வைக் கைகால்கள் சொல்லும். ஆள் வருவதை நிழல் சொல்லும். குறையுள்ள குழந்தை இத்தனை வாயில்களையும் திறந்து வைத்துக்கொண்டு, பார்ப்பவருக்கு நிறையுடையதாகவே தோன்றும். 'உங்கு' சொல்வதும் சிரிப்பதும்கூட ஏமாற்றுதாம். செவி கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் அவ்வாறே ஒலியெழுப்பும். பிறரையும் தன்னையும் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய அசையொலி வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். ஆகவேதான் தாலப்பருவம்.

அடுத்த சில வாரங்களில் ஆறுதல் கூறியோர் பலர். "அவள் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்றார் ஒருவர். பெண்குழந்தை மெதுவாகப் பேசினால் அடக்கமாக வளரும் என்றார் இன்னொருவர். நான் எனக்கே கூறிக்கொண்ட ஆறுதல் இவற்றைவிடக் கற்றறிந்த ஆறுதல். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் முருகன் அருளால் பேச்சு வரப்பெற்றார் என்பது அவரது வரலாறாக வழங்கி வருகிறது. அதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் பிள்ளைத்தமிழ் அரங்கேறிய செய்தியை அதனோடு சேர்த்துச் சொல்லும்போது மாணவர்கள் மெய்ம்மறந்து கேட்பார்கள். பேசாதிருந்தவர் பெருங்கவிஞர் ஆகவில்லையா? என் மகளும் பேசுவாள். காத்திருப்போம் என்று எண்ணினேன். தமிழ் படித்ததனால் எனக்கு நேர்ந்த தீங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். குமரகுருபரர் மீது பிழையில்லை. ஒரு வரலாற்றை மருந்துச்சீட்டாகப் பயன்படுத்தியது என் பிழை. அவ்வாறு காத்திருந்ததில் ஆறு வாரங்கள் கழிந்தன.

ஐப்பசியில், ஒன்பதாம் மாதம் நிறைவுறும் வேளையில், அத்தை எங்களைக் கேளாமல் ஒரு முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைக்கு உடுத்திவிட்டு, பால்புட்டியும் துணிகளும் அடங்கிய பையோடு வாசலில் வந்து நின்றார். "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் மதுரைக்குக் காது டாக்டர்கிட்ட போறேன்" என்றார். நாங்கள் போனோம். மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சளியினால் நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் கேட்பு குறையும்; அது மருந்தால் தீரும் என்று அவர் சொன்னபோது, அந்த நீர் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். இல்லை. காது தெளிவாக இருந்தது.

பின்னர் வேறோர் இடத்தில் அந்தச் சோதனை நடந்தது. குழந்தை அசையாமல் உறங்க வேண்டும் என்பதற்காக ஒரு மருந்தைப் புகட்டினர். நெற்றியிலும் இரு காதுகளின் பின்னும் சிறு தகடுகளை ஒட்டினர். காதில் பொருத்திய கருவி வழியாக 'டிக், டிக்' என்னும் ஓசையைச் செலுத்தினர். ஓசை செவியை எட்டினால், நரம்பின் வழியே மூளையின் தண்டுப்பகுதிவரை மெல்லிய மின்னலைகள் எழும். உறங்கும் குழந்தை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. திரையில் அந்த அலைகள் சொல்லும். ஓசையின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த அளவில் அலை மறைகிறது என்று பார்த்தனர். என் மகளுக்கு எழுபது டெசிபெல்லுக்குக் கீழே இரு காதுகளிலும் அலை எழவில்லை. இயல்பாக இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேச்சின் அளவு ஏறத்தாழ அறுபது டெசிபெல். என்ன நிகழ்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு கணக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒன்பது மாதமாக நாங்கள் பேசிய பேச்செல்லாம் அவளுடைய வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தது.

மருத்துவர் சில வினாக்கள் கேட்டார். கருவுற்றிருந்தபோது அம்மை கண்டதா? குறைமாதப் பிறப்பா? கடுமையான மஞ்சள் காமாலை உண்டா? மூளைக்காய்ச்சல் வந்ததா? எல்லாவற்றிற்கும் இல்லை என்றோம். "உறவில் திருமணமா?" என்றார் கடைசியாக. நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அத்தைதான் தலையசைத்தார். இருவருடைய மரபணுவிலும் ஒரே குறை வெளித்தெரியாமல் மறைந்திருக்கலாம் என்றும், அது இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும் என்றும், நெருங்கிய உறவில் மணந்தவர்களிடம் அதற்கான வாய்ப்புக் கூடுதல் என்றும் அவர் விளக்கினார். அப்படி அமைந்துவிட்டால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார். தம் தம்பி தங்கை மக்களுக்குள் மணம் பேசி முடிப்பதைக் கடமையாகக் கருதிய ஒரு தலைமுறையின் மூத்தவர் என் அருகில் அமர்ந்திருந்தார். பேருந்தில் ஊர் திரும்பும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அதன்பின் அத்தகைய பேச்சு எழுந்த போதெல்லாம் முதலில் மறுத்தவர் அவர்தான்.

அன்றிரவு ஒன்று விளங்கியது. தொட்டிலில் இட்டு எவ்வளவு பாடினாலும் என் மகள் உறங்க மாட்டாள். மார்பின்மேல் போட்டுக்கொண்டு பாடினால் உறங்கிவிடுவாள். சிலபோது உள்ளங்கையை என் கழுத்தில் பதித்துக்கொள்வாள். கைப்பழக்கம் ஆகிவிட்டது என்று நானே பலமுறை கடிந்து, அழ அழத் தொட்டிலில் விட்டிருக்கிறேன். அவளுக்குத் தாலாட்டு காதால் கேட்கவில்லை. என் நெஞ்செலும்பின் அதிர்விலிருந்தும் தொண்டையின் துடிப்பிலிருந்தும் அதைக் கைப்பற்றிக் கொண்டிருந்தாள். தொட்டிலில் விட்டபோதெல்லாம் அவள் பாட்டு நின்றுபோயிருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு அவளை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். அன்று எனக்குப் பாட வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வெறுமனே 'ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

காலம் ஏன் இத்தனை முதன்மை பெறுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறந்த சில மாதங்களில் எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள், அவர்களின் பெற்றோரால் பிரித்தறிய முடியாத இந்தி மொழி ஒலிகளை எளிதாகப் பிரித்தறிந்தனர். ஓராண்டு நிறைவதற்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. காதில் விழும் மொழிக்கு ஏற்ப மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் வேறுவேறாகக் கேட்கும் காது ஐந்தாம் வகுப்பில் உருவாவதன்று, தொட்டிலில் தொடங்குவது. அந்தப் பருவத்தில் எதுவுமே விழாத காதின் நிலை என்ன? இன்று பிறந்த சில நாள்களிலேயே கேட்பைச் சோதித்துவிட முடியும். ஓசையைப் பெறும் உட்செவி தானும் ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது என்று 1978 இல் டேவிட் கெம்ப் என்னும் பிரிட்டன் அறிஞர் கண்டறிந்தார். அந்த எதிரொலியைப் பதிவு செய்யும் சிறு கருவியைக் காதில் வைத்தால் சில நிமிடங்களில் நிலை தெரிந்துவிடும். ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் பயிற்சித் தொடக்கம் என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள நெறி. எங்களுக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

அப்போது குழந்தைகளுக்குக் கிடைத்த காதொலிக் கருவி இன்றுள்ளதுபோல் காதின் பின்னே ஒளிந்துகொள்வதன்று. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று மார்பில் தொங்கும். அதிலிருந்து இரு கம்பிகள் காதுகளுக்குப் போகும். காதின் அளவுக்கு அச்செடுத்து வார்த்த அடைப்பான் அங்கே பொருந்தும். குழந்தையின் காது வளர வளர அச்சு தளர்ந்து 'கீ' என்று ஊளையிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக அச்செடுக்க வேண்டும். பெட்டியை வைக்க என் பழைய சேலைத் துணியில் ஒரு பை தைத்தேன். இரண்டே நாளில் அது வாய்நீரிலும் பருப்புச் சோற்றிலும் ஊறிப்போயிற்று. பிறகு ஏழு பைகள் தைத்தேன், நாளுக்கு ஒன்று. பேருந்தில் ஏறினால், "பிள்ளைக்கு இப்பவே ரேடியோ கேக்கப் பழக்குறீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கூசினேன். பின்பு, "ஆமாம், தமிழ் ஒலிபரப்பு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கருவியை மாட்டியதும் குழந்தை முகம் மலர்ந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள். மின்விசிறி, குழாய்த் தண்ணீர், தட்டு, நாற்காலி இழுபடுதல், என் குரல் எல்லாம் ஒரே அளவில் ஒரே நேரத்தில் அவள்மீது கொட்டின. கருவி ஓசையைப் பெருக்குமேயன்றி எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரித்துத் தராது. பிரித்தறிவது மூளை பழகிப் பழகிப் பெறும் திறன். பதினைந்து நாள் அவள் பிடுங்கி எறிவதும் நான் எடுத்து மாட்டுவதுமாகக் கழிந்தன. பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, காலையில் கண்விழித்தவள் ஆணியில் தொங்கிய பையை நோக்கிக் கை நீட்டினாள். பாலுக்கு முன்னே அதைக் கேட்டாள்.

வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி. பயிற்றுநர் மிக இளையவர். எனக்கு மாணவியாக இருந்திருக்க வேண்டிய வயது. அவரிடம் நான் மாணவியானேன். குழந்தை பார்க்கும் பொருளுக்கு அந்தக் கணத்திலேயே பெயர் சொல்லுங்கள். நீங்கள் காட்ட விரும்பும் பொருளுக்கு அன்று. முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமருங்கள். கத்தாதீர்கள்; அருகில் வந்து பேசுங்கள். ஒரு சொல்லாகச் சொல்லாமல் சிறு தொடராகச் சொல்லுங்கள். இவைதாம் அவர் கற்பித்த பாடங்கள். ஒருநாள் அவர் கண்ணாடி முன் என்னை அமர்த்தி, எந்தெந்த ஒலி உதட்டில் தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்க்கச் சொன்னார். பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்துவதால் தெரிந்தன. தகரத்தில் நாநுனி சற்றே தலைகாட்டியது. ககரம் தொண்டைக்குள் ஒளிந்துகொண்டது. தொல்காப்பியப் பிறப்பியலை நான் மனப்பாடமாக அறிவேன். எழுத்துகள் பிறக்கும் இடங்களை மாணவர்களிடம் கேட்டு, தவறினால் நிற்க வைத்திருக்கிறேன். அந்த நூற்பாக்கள் ஒரு குழந்தைக்குச் சோறுபோல் உதவும் என்று அந்தக் கண்ணாடி முன்தான் அறிந்தேன். உதட்டில் தெரியாத ககரத்துக்காக என் மகளின் விரல்களை என் தொண்டையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்று "காக்கா, காக்கா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காகங்கள் சோறு கிடைக்கும் என்று கூடிவிட்டன.

அவள் முதலில் சொன்ன சொல் 'அம்மா' அன்று. பதினேழாம் மாதத்தில், மாலையில் வரும் பூக்காரம்மாவின் கூடையைப் பார்த்து, உதடு குவித்து, 'பூ' என்றாள். உள்ளங்கையில் ஊதிக் காட்டிக் கற்பித்த சொல். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். 'அம்மா' வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று. இன்று அவள் தொலைபேசியில், "ஏம்மா இவ்வளவு சத்தமாப் பேசுறீங்க?" என்று கடிந்துகொள்ளும் அளவுக்குப் பேசுகிறாள். சகரமும் ழகரமும் இன்னும் சில சொற்களில் அவளுக்குப் பிடிகொடுப்பதில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதுமில்லை.

பூ மலர்வதற்கு முன்பே நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆண்டு நிறைவுக்கு அத்தை வெள்ளிக் கொலுசு வாங்கியிருந்தார். மணி வைத்த கொலுசு. வந்திருந்த உறவினர் ஒருவர், "கேக்காத பிள்ளைக்கு மணி வச்ச கொலுசு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். வீடு ஓசையற்றுப் போயிற்று. அத்தை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைக்குக் கேக்காட்டி என்ன, அவ எங்க இருக்கான்னு எனக்குக் கேக்கணும்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் காலில் பூட்டினார்.

பதினான்காம் மாதம், பங்குனி வெயில். தேர்வுப் பணி முடிந்து நண்பகலில் வீட்டுக்கு வந்தேன். முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பில் பை தொங்கியது. என்னைப் பார்த்ததும் தூணை விட்டாள். வாரானைப் பருவத்துப் புலவர்கள் வா வா என்று எத்தனை வகையாக அழைத்திருக்கிறார்கள்! எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை; கைகளை மட்டும் நீட்டினேன். ஓர் அடி எடுத்து வைத்தாள். கொலுசு ஒலித்தது. நின்றாள். ஓசையும் நின்றது. தலையைக் குனிந்து காலைப் பார்த்தாள். இன்னோர் அடி வைத்தாள், மீண்டும் ஒலித்தது. மறுபடியும் நின்று, குனிந்து, இம்முறை வேண்டுமென்றே ஒரு காலைத் தரையில் தட்டினாள். ஒலித்தது. பின்பு மற்றொரு காலைத் தட்டினாள்.

நீட்டிய என் கைகளை அவள் மறந்துவிட்டாள். முற்றத்தின் நடுவில் நின்றபடி, அடுக்களை வாசலுக்கு வந்திருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்து, தன் காலைச் சுட்டிக் காட்டினாள்.